மின்னஞ்சற் பேழையும் வலையமைப்புச் சேமிப்பிடமும்

கடிதம் எழுதுதல் ஒரு கலையாயின், எழுதிய கடிதத்தைப் பேணிவைத்தலும் ஒரு கலையேயாம். ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அதன் அதிபர்கள் விடுத்த கடிதங்களும், அவற்றிற்கு வந்த மறுமொழிகளும் ஆண்டறிக்கைகளுக்கு நிகரான சான்றுகளாகும். கட்டட நிதிக்குப் பொருளுதவியோர் யாவர், எவ்வாண்டில் எப்பாடம் தொடங்கப்பெற்றது, கடல்கடந்து வாழும் பழைய மாணவர் எவ்விடயத்தில் என்ன ஆலோசனை கூறினர் என்பனவெல்லாம் கடிதக் கட்டுக்களிலேயே முதற்கண் பதிவாகின்றன. முன்னாளில் இக்கட்டுக்கள் அலுமாரிகளில் இருந்தன. கறையானும் ஈரமும் அவற்றிற்குப் பகையாயின. இக்காலத்தில் அவை கணினியிற் கோப்புக்களாக இருக்கின்றன. பகை மாறியதேயன்றி ஒழிந்திலது.

1971ஆம் ஆண்டில் றே ரொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தியனுப்பும் முறையை அமைத்தார். அன்று தொடங்கிய மின்னஞ்சல் இன்று அலுவலகக் கடிதப் போக்குவரத்தின் பெரும்பகுதியைத் தன்பாற் கொண்டுள்ளது. அதனை அனுப்பும் வகையையும் பெறும் வகையையும் பலரும் அறிவர். பெற்றவற்றை எங்கே, எவ்வாறு வைத்தல் வேண்டும் என்பதை அறிந்தார் சிலரே. அவ்வறியாமையால் விளையும் இடர்களுள் ஒன்றனையே ஈண்டு ஆராயப் புகுந்தாம். அஃதாவது, மின்னஞ்சல்களை அடக்கிய கோப்பினைப் பொதுச் சேவையகத்தில் வைத்து, வலையமைப்பின் வழியே நாடோறும் திறந்து பயன்படுத்துவதால் உண்டாகும் பழுதுகளும், அவற்றை அறிந்து நீக்கும் முறையுமாம்.

பேழையின் இயல்பு

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் அவுற்லுக் என்னும் மென்பொருள் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது வந்த கடிதம், சென்ற கடிதம், முகவரி, நாட்குறிப்பு, இணைத்தனுப்பிய படங்கள் ஆகிய யாவற்றையும் தனித்தனிக் கோப்பாக வையாது ஒரே கோப்பினுள் அடக்கிவைக்க வல்லது. அக்கோப்பின் பெயருக்கு இறுதியில் பீ, எஸ், ரீ என்னும் மூன்றெழுத்துக்கள் ஒட்டி நிற்கும். இதனைப் பேழை என்று இக்கட்டுரையில் வழங்குவாம்.

இதனோடு மயங்கத்தக்க வேறொரு கோப்பும் உண்டு. அதன் ஈற்றெழுத்துக்கள் ஓ, எஸ், ரீ என்பனவாம். அஞ்சற் சேவையகத்திலே மூலம் இருக்க, அதன் பிரதியாகக் கணினியில் தங்குவது அது. அது கெடினும் சேவையகத்தில் உள்ளவற்றை மீளப் பெற்றுக்கொள்ளலாம். பேழையோ பெரும்பாலும் தானே மூலமாவது. பழைய கடிதங்களை அஞ்சற் சேவையகத்தினின்று அகற்றிப் பேழையில் இட்டபின், அவற்றிற்கு வேறு பிரதி கிடையாது. ஆதலின் பேழை கெட்டவிடத்துக் கடிதங்களும் கெட்டனவேயாம். பழுதுபார்க்கப் புகுவோர் தம் முன் உள்ளது இவ்விரண்டனுள் எது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பேழையின் அகவமைப்பை விளக்கும் ஆவணத்தை அந்நிறுவனம் 2010ஆம் ஆண்டில் யாவரும் காண வெளியிட்டது. அதனால் அறியப்படுவது யாதெனின், பேழை என்பது கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கட்டு அன்று. சிறியதொரு நூல்நிலையம் போன்றது என்பதாம். கடிதங்கள் சிறு துண்டங்களாகப் பிரிக்கப்பட்டுக் கோப்பினுள் இடங்கண்டவாறு வைக்கப்பட்டுள்ளன. இக்காலப் பேழைகளில் ஒரு துண்டம் 8 கிலோபைற்றுக்கு மேற்படுவதில்லை. எக்கடிதத்துக்கு எத்துண்டங்கள் உரியன என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று. எத்துண்டம் கோப்பில் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை மற்றொன்று. இவ்விரண்டும் கிளைவிட்ட மரம்போல 512 பைற்று அளவான சிறு பக்கங்களால் ஆயவை. இவற்றின் வேறாக, இடம் வெறிதாக உள்ளதோ நிரம்பியுள்ளதோ என்பதைக் குறிக்கும் படங்களும் இடைக்கிடை வைக்கப்பட்டுள்ளன. அத்தகைய படம் ஒவ்வொன்றும் 253,952 பைற்றுப் பரப்பினை, 64 பைற்றுக்கு ஓர் அடையாளமாகக் காட்டும்.

இதனால் விளைவது ஒன்றுண்டு. ஒரு கடிதத்தை ‘வாசிக்கப்பட்டது’ என்று குறிப்பதற்குங்கூடத் துண்டம், அட்டவணைப் பக்கங்கள், இடப்படம், கோப்பின் தலைப்பகுதி ஆகிய பலவற்றிலே சிறுசிறு மாற்றங்கள் எழுதப்படல் வேண்டும். இவை யாவும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும்வரை பேழை நலமாயிருக்கும். அட்டவணை ஓரிடத்தைச் சுட்ட, அவ்விடத்தில் வேறொன்று இருக்குமாயின் அது பழுதுபட்ட பேழையாகும். நூல்நிலையத்திற் புத்தகத்தை இடமாற்றிவிட்டு, அட்டையைத் திருத்துமுன் நூலகர் எழுந்து சென்றால் நேர்வது இதுவே.

வலையமைப்பு இடையூறாமாறு

பேழை அதனைத் திறக்கும் கணினியின் வன்றட்டிலேயே இருக்குமாயின், மேற்கூறிய சிறு மாற்றங்கள் மிக விரைவாக நிகழ்ந்துவிடும். அது பொதுச் சேவையகத்தில் இருக்குமாயின் ஒவ்வொரு வாசிப்பும், ஒவ்வொரு எழுத்தும் வடத்தின் வழியாகவோ கம்பியில்லா அலையின் வழியாகவோ சேவையகத்துக்குச் சென்று விடைபெற்று மீளல் வேண்டும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவாம். ஒரு கோப்புறையைத் திறந்து தேடுவதற்கு ஒன்றன்பின் ஒன்றாக 2,000 சிறு வேண்டுகோள்கள் தேவையென்று கொள்க. ஒரே கட்டடத்தில் நல்ல வடத்தினால் இணைந்த கணினியில், ஒரு வேண்டுகோள் போய்மீள அரை மில்லிசெக்கன் ஆகுமாயின் மொத்தம் 1 செக்கனில் வேலை முடியும். வீட்டிலிருந்து இணையத்தின் வழியாகக் கல்லூரிச் சேவையகத்தை அணுகுவார்க்கு ஒரு வேண்டுகோள் போய்மீள 50 மில்லிசெக்கன் ஆகுமாயின் அதே வேலைக்கு 100 செக்கன் செல்லும். ஈண்டு தடையாவது இணைப்பின் பட்டையகலம் அன்று, போய்மீளுங் காலமேயாம். ‘எங்கள் இணைப்பு வேகமானது, படங்கள் நொடியில் இறங்குகின்றன, மின்னஞ்சல் மட்டும் உறைந்து நிற்பது ஏன்?’ என்று வினாவுவார்க்கு விடை இதுவே.

சுணக்கம் பொறுக்கத்தக்கது. இடைமுறிவு அத்தகையதன்று. கணினிக்கும் சேவையகத்துக்கும் இடையில் வடம், ஆளி, வழிப்படுத்தி எனப் பல பொருள்கள் உள. இவற்றுள் ஒன்று கணப்பொழுது நின்றாலும், மடிக்கணினி உறக்க நிலைக்குச் சென்றாலும், எழுதப்பட்டுக்கொண்டிருந்த மாற்றங்களுட் சில சென்றுசேரச் சில நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திரார். அத்தகைய காலங்களில் மின்கலத்தால் இயங்கும் மடிக்கணினி விழித்திருக்க, அடுத்த அறையிலுள்ள ஆளி அணைந்துவிடும். கணினி இயங்குவதால் கோப்பும் நலமென்று எண்ணுவது தவறாகும்.

அன்றியும், ஒரு பேழையை ஒருபொழுதில் ஓர் அவுற்லுக் மட்டுமே திறத்தல் கூடும். அது பலர் கூடிப் பயிலும் பொதுப் பெட்டியாக ஆக்கப்பட்டதன்று. ‘பொது இடத்தில் வைத்தால் அதிபரும் எழுதுவினைஞரும் ஒருங்கே பார்க்கலாம்’ என்று கருதி வைப்போர் ஏமாற்றமே அடைவர்.

கடிதங்களைச் சேமிக்கும் எல்லா முறைகளும் இக்குறையுடையன அல்ல. டானியல் பேர்ன்ஸ்ரைன் என்பவர் தமது அஞ்சற் சேவையக மென்பொருளுக்காக வகுத்த மெயில்டிர் என்னும் முறையில், ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பாகும். கோப்பினைப் பூட்டவேண்டிய தேவையே எழாதவாறும், வலையமைப்பின் வழிச் சேமிப்பினும் பழுதுறாதவாறும் அது திட்டமிடப்பட்டது. ஆகவே குற்றம் வலையமைப்பின்பாலது அன்று. ஒரு பயனுக்காக ஆக்கப்பட்ட பொருளை வேறொரு பயனுக்கு உட்படுத்துவதன்பாலதே.

மைக்ரோசொப்ற் நிறுவனமும் பேழையை வலையமைப்பின் வழித் திறத்தலை நெடுங்காலமாக விலக்கி வந்துள்ளது. அவுற்லுக் 2010 முதலாக அவ்விலக்குச் சிறிது தளர்த்தப்பட்டது. எனினும் பட்டையகலம் மிகுந்து சுணக்கம் குறைந்த இணைப்பு இருத்தல் வேண்டும், ஒரு கோப்பினை ஒருவரே அணுகுதல் வேண்டும் என்னும் நிபந்தனைகளின் பேரிலேயே அது தளர்த்தப்பட்டது. நம்மவர் அலுவலகங்களுள் இந்நிபந்தனைகள் எஞ்ஞான்றும் நிறைவேறும் இடங்கள் மிகச் சிலவாம்.

பழுதினை அறியும் முறை

இனி, பேழை திறவாவிடத்துச் செய்யத்தக்கன யாவை எனக் காண்பாம். நோயின் மூலத்தை அறியுமுன் மருந்திடுதல் கேடாகும். பேழை திறவாமைக்கு ஏதுக்கள் பல. அவற்றுள் உண்மையான சிதைவு ஒன்றே. ஏனையவற்றிற் கடிதங்கள் நலமாகவே இருக்கும்.

முதலாவதாக, பேழை இருக்கும் இடத்தை அறிக. அவுற்லுக்கின் கணக்கு அமைப்புக்களில் ‘தரவுக் கோப்புக்கள்’ என்னும் பகுதி உண்டு. திறக்கப்படும் ஒவ்வொரு பேழையின் முழுப் பாதையும் அங்கே காணப்படும். பாதை இரட்டைச் சாய்கோட்டில் தொடங்குமாயின், அல்லது சேவையகத்தைக் குறிக்கத் தரப்பட்ட எழுத்தொன்றில் தொடங்குமாயின், பேழை வலையமைப்பில் உள்ளது என்பது துணிபு.

இரண்டாவதாக, ‘கோப்பினைக் காணவில்லை’ என்னுஞ் செய்தி வருமாயின், சேவையக இணைப்பினை நோக்குக. கணினி தொடங்கியவுடன் சேவையகத்தோடு தொடர்பு ஏற்படுமுன் அவுற்லுக்கைத் திறப்பினும் இச்செய்தி தோன்றும். அவுற்லுக்கை மூடி, அப்பொதுக் கோப்புறையை நேரே திறந்து, பேழை அங்கே உள்ளதா எனப் பார்த்து, அதன்பின் அவுற்லுக்கைத் திறத்தல் வேண்டும். இச்செய்தியை அடுத்து வரும் சாளரத்தில் ஆராயாது பெயர் கொடுத்து ஒப்புதல் அளிப்போர், வெறும் பேழையொன்றைப் புதிதாகப் படைத்துவிடுவர். பின்னர் அதனுள் ஒன்றுமின்மை கண்டு, கடிதங்கள் யாவும் அழிந்தன என்று கலங்குவர். பழைய பேழை தன் இடத்திலேயே இருப்பதைத் தேடிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.

மூன்றாவதாக, ‘கோப்பு வேறொன்றாற் பயன்படுத்தப்படுகிறது’ என்று வருமாயின், மற்றொரு கணினியில் அது திறந்துள்ளதா என வினவுக. எவரும் திறந்திலராயின், முன்பு இடையில் முறிந்த தொடர்பினைச் சேவையகம் இன்னும் உயிருள்ளதாகக் கருதிப் பூட்டை விடாது வைத்திருத்தல் கூடும். சேவையகத்தை மேற்பார்ப்பவர் ‘திறந்துள்ள கோப்புக்கள்’ என்னும் பட்டியலிற் பார்த்து அதனை விடுவிக்கலாம். நச்சுநிரல் தடுப்பு மென்பொருளும், காப்புப்பிரதி எடுக்கும் மென்பொருளும் இவ்வாறு கோப்பினைப் பற்றிக்கொள்வதுண்டு.

நான்காவதாக, ‘அனுமதி இல்லை’ என்று வருமாயின் உரிமைகளை நோக்குக. பேழையை வாசிப்பதற்கு மட்டும் திறப்பினும் அவுற்லுக்குக்கு எழுதும் உரிமையும் வேண்டும். இறுவட்டிற் பதித்த பேழையை அங்கிருந்தே திறக்க இயலாமை இதனாலேயாம். விண்டோஸ் சேவையகத்தில், பகிர்வுக்குத் தந்த உரிமை, கோப்புறைக்குத் தந்த உரிமை என இரண்டு உள. இரண்டனுள் இறுக்கமானதே செல்லும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை மறந்தாற் பயனில்லை.

ஐந்தாவதாக, பேழையின் அளவை நோக்குக. அவுற்லுக் 2002 வரையிலான பதிப்புக்கள் படைத்த பழைய வகைப் பேழை 2 ஜிகாபைற்று எல்லையை உடையது. அவ்வெல்லையை எட்டியவை கெட்டுத் திறவாதுபோதல் மிகுதி. அவுற்லுக் 2003இல் வந்த யுனிக்கோட் வகைக்கு இயல்பான எல்லை 20 ஜிகாபைற்று. அவுற்லுக் 2010 முதல் அது 50 ஜிகாபைற்று ஆயிற்று. பழைய பேழையைப் புதிய அவுற்லுக்கில் திறந்தமையால் மட்டும் அது புதிய வகையாகிவிடாது. புதிய பேழையொன்றைப் படைத்துக் கடிதங்களை அதனுட் பெயர்த்தல் வேண்டும். கடிதங்களை அழித்தவுடன் கோப்பின் அளவு சுருங்கும் என்றும் கொள்ளற்க. வெறிதான இடம் உள்ளேயே நிற்கும். ‘சுருக்குக’ என்னும் கட்டளையை இட்டு அளவை உடனே குறைக்கலாம். சேவையகத்தில் எஞ்சிய இடம், பயனருக்கு வகுத்த இடவரம்பு ஆகியவற்றையும் இவ்விடத்துப் பார்த்தல் தகும்.

இவ்வைந்தும் அல்லாதவிடத்தே சிதைவு உண்டென ஐயுறலாம். சில கோப்புறைகள் திறந்து சில திறவாமை, கடிதத் தலைப்புத் தோன்றி உடற்பகுதி தோன்றாமை, அனுப்பும்போதும் பெறும்போதும் ஓயாது பிழைச்செய்தி வருதல் என்பன அதன் குறிகளாம்.

திருத்தும் முறை

திருத்தத்தின் முதற்படி பிரதியெடுத்தல். அவுற்லுக்கை முற்றாக மூடிப் பேழையைச் சேவையகத்தினின்று கணினியின் வன்றட்டுக்குப் பிரதிசெய்க. வெட்டி ஒட்டுதல் கூடாது. இடையில் தொடர்பு முறியின் எஞ்சுவது யாது என்று சொல்லல் அரிது. பிரதியும் மூலமும் பைற்று அளவில் ஒத்துள்ளனவா எனச் சரிபார்க்க. மூலத்தின் பெயரைச் சிறிது மாற்றி வைப்பின், அவுற்லுக் அறியாமல் அதனைத் திறந்துவிடாது.

பின்னர் வன்றட்டிலுள்ள பிரதியை அவுற்லுக்கிற் சேர்த்துத் திறந்து பார்க்க. சுணக்கமும் இடைமுறிவுமே காரணமாயிருந்தால் அது இவ்விடத்தே நன்கு திறக்கும். வேறு மருந்து வேண்டியதில்லை. சேவையகத்தைச் சுட்டும் பழைய பாதையைத் தரவுக் கோப்புக்களின் பட்டியலினின்று நீக்கிவிடலாம். நீக்குதல் என்பது பட்டியலினின்று விலக்குதலேயன்றிக் கோப்பினை அழித்தலன்று. புதிய கடிதங்கள் வந்துசேரும் பேழை இதுவேயாயின், அவை இனி வன்றட்டிலுள்ள பேழையையே சேருமாறு அமைப்பினை மாற்றிக்கொள்க.

வன்றட்டிலும் திறவாதாயின் அவுற்லுக்குடன் வரும் பழுதுபார்க்கும் கருவியைப் பயன்படுத்துக. ஸ்கான்பீஎஸ்ரீ என்னும் பெயருடைய அக்கருவி ஒஃபிஸ் மென்பொருள் பதிந்துள்ள கோப்புறையிலே உள்ளது. அது அட்டவணைகளையும் துண்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து முரண்களை அறிவிக்கும். திருத்துமுன் காப்புப்பிரதி செய்யும் தெரிவு ஒன்றுண்டு, அதனை விலக்கற்க. ஒருமுறை திருத்தியபின் மீண்டும் இயக்குக. ஒரு முரணை நீக்கியபின் மற்றொன்று வெளிப்படுதல் இயல்பு. முரணில்லை என்னும் வரை இவ்வாறு செய்தல் நன்று. உரிய கோப்புறையை இழந்த கடிதங்கள், மீட்கப்பட்ட பொருள்களுக்கென அமையும் தனிக் கோப்புறையில் வந்து சேரும். பெரிய பேழைக்குப் பல மணித்தியாலம் செல்லலாம்; இடையில் நிறுத்துதல் கூடாது. இக்கருவியை வலையமைப்பின் வழியே சேவையகத்துப் பேழைமேல் இயக்குதல், ஆடும் கட்டிலிற் கிடத்திச் சத்திரசிகிச்சை செய்வதை ஒக்கும். அதனை எவ்வாற்றானும் தவிர்க்க.

பழுதுபார்த்த பேழையைத் தொடர்ந்து பயன்படுத்துதலினும், புதிய பேழையொன்றைப் படைத்து மீட்ட கடிதங்களை அதனுட் பெயர்த்தல் சாலச் சிறந்தது. கருவியாலும் மீளாத பேழைக்கு முந்திய காப்புப்பிரதியே புகலிடம். அஃது இல்லாதார்க்கு, கடிதம் எழுதியவரிடமும் பெற்றவரிடமும் உள்ள பிரதிகளைத் தேடிப் பெறுவதன்றி வேறு எளிய வழி இல்லை.

வருமுன் காத்தல்

இவ்வளவும் கூறியதனாற் பொதுச் சேவையகம் வேண்டாததொன்று என்று கொள்ளற்க. பேழை வாழவேண்டிய இடம் கணினியின் வன்றட்டு. அதன் பிரதி வாழவேண்டிய இடம் சேவையகம். ஒவ்வொரு வாரமும் குறித்த நாளில் அவுற்லுக்கை மூடியபின் பேழையைச் சேவையகத்துக்குப் பிரதிசெய்தல் வேண்டும். முழுக்கோப்பும் ஒருமுறை சென்று தங்குதலாகிய இச்செயலுக்கு வலையமைப்பு மிக உகந்தது. பிறிதொரு பிரதியை வெளிவன்றட்டிற் பதித்து வேறு கட்டடத்தில் வைப்பது மேலும் நலம்.

முகிற் சேமிப்பிடத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறைகளிலும் திறந்த பேழையை வைத்தலாகாது. பேழையைத் திறந்து மூடுவதாலேயே அது மாற்றமுற்றதாகக் கருதப்பட்டு மீண்டும் மீண்டும் மேலேற்றப்படும், பூட்டுக்களும் மயங்கும். மூடிய பிரதியை அங்கே வைத்தல் குற்றமன்று.

ஆண்டுக்கொரு பேழையாகப் பகுத்து, ஆண்டு முடிந்ததும் அதனை மூடிவைத்தல் நல்வழக்காகும். சிறிய பேழை எளிதிற் பிரதியாகும். கெடினும் ஓராண்டுக் கடிதங்களுக்கே ஊறு நேரும். பலர் ஒருங்கே பார்க்கவேண்டிய கடிதங்களுக்குப் பேழையை நாடாது, பல பயனர்க்கென அமைந்த அஞ்சற் சேவையகக் கணக்கினையே நாடுக. நன்கொடை, நியமனம், நிலவுறுதி போன்ற விடயங்களைப் பற்றிய கடிதங்களைத் தாளிற் பதித்து வழமையான கோப்பிலும் சேர்த்துவைப்பது மிகையன்று.

கல்லூரிகளிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் செயலாளர் மாறுவர், எழுதுவினைஞர் இளைப்பாறுவர், கணினிகளும் மாற்றப்படும். பேழை எங்கே உள்ளது, அதன் பிரதி எங்கே உள்ளது, கடைசியாக எந்நாளிற் பிரதியெடுக்கப்பட்டது என்னும் மூன்றனையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பொறுப்பேற்பவரிடம் கையளித்தல் அவர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும். அங்ஙனம் செய்வாராயின், ஐம்பதாண்டு கழித்து இக்கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் நம் காலத்துக் கடிதங்களையும் தேடிக் காண்பர்.